தெரியுது, தெரியும்

மாலை வேளைகளில் பெரியம்மாவும் நானும் பால்கனியில் உட்காருவோம். எங்கள் வீடு இரண்டாவது மாடியில். கீழே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேருந்து நிறுத்தம். பெரியம்மா கேட்பார், நான் பார்த்துச் சொல்வேன். இரண்டு வருடத்துக்கு மேலாக இது நடக்கிறது.

பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரம் இருக்கிறது. சுவரில் மோதாமல் நடப்பார், வழியில் கிடக்கும் செருப்பைத் தாண்டிப் போவார். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டுதான் அவருக்கு இருக்கும். முதலில் எழுத்து போயிற்று, பிறகு தொலைக்காட்சி, அப்புறம் மெல்ல மெல்ல முகங்கள். அதனால்தான் இந்த “என்ன தெரியுது, சொல்லு.”

ஒரு நாள் நிறுத்தத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஓர் இளம்பெண், தலை குனிந்தபடி.

“ஒரு அப்பா பொண்ணைத் திட்டிக்கிட்டு இருக்கார்,” என்றேன்.

“திட்டுறார்னு எப்படிச் சொல்ற?”

“கையை நீட்டி நீட்டிப் பேசுறார் பெரியம்மா. அந்தப் பொண்ணு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது.”

“பொண்ணு முகம் தெரியுதா?”

பார்த்தேன். தெரியவில்லை. முடி விழுந்து மறைத்திருந்தது.

“அவர் விரல் அவளைப் பார்த்தா நீளுது?”

மறுபடி பார்த்தேன். விரல் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் குனிந்திருந்ததும் தரையைப் பார்க்கத்தான். இரண்டு பேரும் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருக்கையின் கால் பக்கத்திலிருந்து அவள் எதையோ பொறுக்கி எடுத்தாள், ஊதித் துடைத்தாள், காதில் மாட்டிக்கொண்டாள். கம்மல். அவர் வந்த பேருந்தில் ஏறிப் போனார். அவள் எதிர்த் திசையில் நடந்து போனாள். அப்பாவும் இல்லை, மகளும் இல்லை, திட்டும் இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமே என்பதைவிட வேறு ஒன்று உறுத்தியது. ‘திட்டுகிறார்’ என்று நான் யோசித்துச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அந்தக் கோபம் அவர் தோளில் இருந்தது, கையில் இருந்தது. சட்டையின் நிறத்தைப் போல அதையும் கண்ணால் பார்த்ததாகவே எனக்கு இருந்தது. பெரியம்மா இரண்டாவது கேள்வி கேட்ட அந்த நொடியில் கோபம் காணாமல் போயிற்று. அதே தோள், அதே கை.

நம் மொழியில் ‘தெரி’ என்ற ஒரே வேர் இரண்டு வேலை செய்கிறது. மலை தெரியுது என்றால் கண்ணில் படுகிறது. அவரைத் தெரியும் என்றால் அறிவில் இருக்கிறது. ‘தெரியலை’ என்று ஒருவர் சொன்னால், கண்ணுக்குப் படவில்லையா, விஷயம் புரியவில்லையா என்று சூழலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பேசிப் பேசி இதை நாம் கவனிப்பதே இல்லை. பெரியம்மாவோடு உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது: நான் ‘தெரியுது’ என்று சொன்னவற்றில் பாதிக்கு மேல் ‘தெரியும்’ வகையைச் சேர்ந்தவை. கண் கொண்டுவந்தது கொஞ்சம். மிச்சத்தை உள்ளே இருக்கும் யாரோ சேர்த்துக் கட்டிக் கையில் கொடுக்கிறார்கள். கட்டிய கை கண்ணில் படுவதில்லை.

இதைப் பதினோராம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் எழுதியிருக்கிறார். பொருள்களை அடையாளம் காண்பதில் பெரும்பகுதி அனுமானம்தான், அது அத்தனை வேகமாக நடப்பதால் அனுமானம் என்றே நமக்குப் படுவதில்லை என்றார். 1860களில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஏறக்குறைய அதையே ‘தன்னை அறியாத அனுமானம்’ என்று சொன்னார். வேகம் எவ்வளவு என்பதற்கு இப்போது அளவும் இருக்கிறது. 1996இல் பிரான்சில் சைமன் தோர்ப்பும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் பார்த்திராத ஒரு புகைப்படத்தை வெறும் 20 மில்லி விநாடி காட்டிவிட்டு, அதில் விலங்கு இருந்ததா என்று கேட்டார்கள். பார்த்தவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். விலங்கு உள்ள படத்துக்கும் இல்லாத படத்துக்கும் மூளையின் மின்னலைகள் 150 மில்லி விநாடிக்குள்ளேயே பிரிந்துவிட்டன. கண் இமைத்து முடிக்க ஆகும் நேரத்தைவிடக் குறைவு. நான் நிறுத்தத்தைப் பார்த்த முதல் நொடியில் ‘அப்பா, மகள், சண்டை’ என்ற முழுக்கதையும் அப்படித்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். விரல் எங்கே நீள்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு போய்ப் பார்க்க வேண்டிய விவரம். கதை முழுசாக இருந்ததால் நான் போய்ப் பார்க்கவில்லை.

பெரியம்மாவின் கண்ணைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் என் கண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டேன். விழித்திரையின் நடுவில் ஒரு சிறு குழிவு இருக்கிறது. கூம்பு செல்கள் அங்கேதான் நெருக்கிப் பொதிந்திருக்கின்றன. கூர்மையான பார்வை என்று நாம் சொல்வது முழுக்க அந்த இடத்தின் வேலை. பெரியம்மாவுக்குப் பழுதானது அதுவும் அதைச் சுற்றியுள்ள மாகுலா என்ற பகுதியும்தான். முதல் முறை மருத்துவரிடம் போனபோது கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் கொடுத்து, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். ஆம்ஸ்லர் கட்டம் என்று பெயர், ஸ்விட்சர்லாந்து கண் மருத்துவர் ஒருவரின் பெயர். “கோடெல்லாம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி வளையுது,” என்றார் பெரியம்மா.

சரி, நல்ல கண்ணுக்கு அந்தக் கூர்மையான பகுதி எவ்வளவு பெரியது? கையை நேராக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான், 2 டிகிரி சுமார். அதற்கு வெளியே கூர்மை மளமளவென்று சரிகிறது. இப்போதே சோதிக்கலாம். இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லில் கண்ணை நிறுத்திக்கொண்டு, கண்ணை அசைக்காமல் நான்கு சொல் தள்ளி என்ன இருக்கிறது என்று படிக்க முயன்று பாருங்கள். எழுத்து மாதிரி ஏதோ இருக்கும், எழுத்து இருக்காது.

இதைச் செய்து பார்த்த அன்று எனக்கு உடம்பே ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் ஓரப்பார்வையும் பெரியம்மாவின் ஓரப்பார்வையும் ஒரே தரம். அறை முழுவதும் தெளிவாகத் தெரிகிறது என்று நான் நினைப்பதற்குக் காரணம், கேட்ட இடத்துக்கெல்லாம் அந்த நகத்தளவுத் தெளிவை நான் ஓட்டிக்கொண்டு போக முடிகிறது என்பதுதான். கண் ஒரு நொடிக்கு மூன்று முறை தாவுகிறது. விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை லட்சம் தாவலைத் தாண்டும். தாவும் நேரத்தில் வரும் கலங்கலை மூளை அழித்துவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

குருட்டுப்புள்ளியும் அப்படித்தான். விழித்திரையிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை வாங்கும் செல்லே கிடையாது. 1660களில் மாரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, 8 சென்டிமீட்டர் தள்ளி வலப்பக்கம் ஒரு புள்ளி போட்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கூட்டல் குறியையே பாருங்கள். தாளை 30 சென்டிமீட்டர் தூரத்தில் முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் புள்ளி மறைந்துவிடும். மறைந்த இடத்தில் ஓட்டை தெரியாது. வெள்ளைத் தாளாக இருந்தால் வெள்ளை, கோடு போட்ட தாளாக இருந்தால் கோடு. நான் இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது, “அப்ப உனக்கும் ஓட்டை இருக்கு, உனக்கு ஒட்டுப் போட்டுத் தர ஆள் இருக்கு,” என்றார். இதைவிடச் சரியாக நான் எங்கும் படிக்கவில்லை.

அதற்குள் எங்களுக்குள் ஒரு முறை உருவாகிவிட்டது. பெரியம்மா வைத்த சட்டம்: ஊகமாக இருந்தால் ‘போல’ சேர்க்க வேண்டும். ‘அவசரமாகப் போகிறார்’ என்று சொல்லக் கூடாது. ‘வேகமாக நடக்கிறார், இரண்டு தடவை மணி பார்த்தார், அவசரம் போல’ என்று சொல்ல வேண்டும். தமிழில் இதற்கு எத்தனை வசதி இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். போல, போலிருக்கு, மாதிரி, ஆட்டம். ஒவ்வொன்றும் ‘இது என் கணக்கு, கண் சொன்னது இல்லை’ என்று அறிவிக்கும் சொல். பேச்சு வேகத்தில் இவற்றைத்தான் நாம் முதலில் விட்டுவிடுகிறோம்.

முதல் மாதம் இது பெரும்பாடு. பத்து வாக்கியத்துக்கு ஏழு ‘போல’ வந்தது. ‘ஒரு பள்ளிக்கூடப் பையன்’ என்பதே ஊகம். சீருடை, முதுகுப் பை, உயரம், இவ்வளவுதான் தெரிந்தது. ‘கணவன் மனைவி’ ஊகம். ‘மழை வரும்’ ஊகம். ‘நாய் தூங்குது’ கூட ஊகம்தான், கண்ணை மூடிப் படுத்திருந்தது அவ்வளவே. இதெல்லாம் வீண் நுணுக்கம் என்று யாருக்காவது தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவர் அந்தச் சொற்களை வைத்துத்தான் தன் மனதில் சாலையைக் கட்டிக்கொள்கிறார். நான் ஊகத்தைக் கொடுத்தால் என் ஊகம் மட்டும்தான் அவருக்குக் கிடைக்கிறது. கண்டதைக் கொடுத்தால் அவரும் ஊகிக்கலாம். எழுபத்தெட்டு வருடம் மனிதர்களைப் பார்த்தவர் அவர்.

பெரியம்மாவின் கேள்விகள் என் கண்ணை எப்படி இழுத்துக்கொண்டு போகின்றன என்பது தனிக் கதை. ‘யாராவது ரொம்ப நேரமா காத்திருக்காங்களா?’ என்று கேட்டால் என் கண் முகங்களை விட்டுவிட்டுக் கால்களுக்குப் போகும். நிற்கும் விதம், கால் மாற்றி நிற்பது, தரையில் இறக்கி வைத்த பை. ‘யாரு யாரோட வந்திருக்காங்க?’ என்றால் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் இடைவெளிகளுக்குப் போகும். அதே நிறுத்தம், அதே ஆட்கள். ஒவ்வொரு கேள்விக்கும் வேறொரு காட்சி.

ரஷ்யாவில் ஆல்ஃப்ரெட் யார்பஸ் என்ற ஆய்வாளர் இதைக் கோடு கோடாகவே பிடித்து வைத்திருக்கிறார். விழியின் மேல் சிறிய உறிஞ்சுமூடி ஒன்றை ஒட்டி, அதில் வைத்த குட்டிக் கண்ணாடி எதிரொளிக்கும் ஒளியைப் பதிவு செய்தார். அதாவது கண் போன பாதை அப்படியே கோடாக விழும். பார்க்கக் கொடுத்தது இல்யா ரெப்பின் வரைந்த ஓவியம் ஒன்று. நாடு கடத்தப்பட்ட ஒருவர் திடீரென்று வீட்டுக்குள் நுழைகிறார், குடும்பம் திரும்பிப் பார்க்கிறது. ‘இந்தக் குடும்பத்தின் வசதி எப்படி?’ என்று கேட்டபோது கண் மேசை நாற்காலிக்கும் உடைகளுக்கும் போயிற்று. ‘இவர்களுக்கு என்ன வயது?’ என்றபோது முகம் முகமாகத் தாவியது. ‘வந்தவர் எத்தனை காலம் வெளியே இருந்தார்?’ என்று கேட்டபோது வந்தவரின் முகத்துக்கும் மற்றவர்களின் முகங்களுக்கும் இடையே போய்ப் போய் வந்தது. ஒரே ஆள், ஒரே ஓவியம். கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெவ்வேறு ஓவியத்தின் தடங்கள் என்றுதான் தோன்றும். அந்தப் படங்களை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பெரியம்மாவின் குரல் கேட்டது.

கேள்வி இழுத்துப் போகாத இடத்தில் என்ன ஆகும் என்பதை நான் சாலையில் அனுபவித்தேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கிளைச்சாலையிலிருந்து காரைத் திருப்ப வேண்டியிருந்தது. வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன், மறுபடி வலப்பக்கம் பார்த்தேன். யாரும் இல்லை. எடுத்தேன். டயர் தேயும் சத்தம். கதவிலிருந்து ஒரு முழ தூரத்தில் ஒரு பைக். அந்த மனிதர் காலை ஊன்றி நின்று, நடுங்கும் குரலில் கேட்டார்: “கண்ணு தெரியலையா?” யாருக்கும் அடிபடவில்லை. நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் அந்தப் பக்கம் பார்த்தேன் என்பது சத்தியம். அவர் அங்கே இருந்தார் என்பதும் சத்தியம்.

என் கண் தேடியது லாரியை, பேருந்தை, காரை. ஒல்லியாக ஒரு பைக் வரும் என்று அது கேட்கவே இல்லை. தலையை வேகமாகத் திருப்பும்போது கண் ஓரிரு இடங்களில்தான் நிற்கிறது. நடுவில் உள்ளது தாவலில் போய்விடும். இன்று வரை நான் சந்திப்புகளில் தலையைத் திருப்பி, ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று இடத்தில் கண்ணை நிறுத்தி, ‘பைக் இருக்கா?’ என்று வாய்விட்டே கேட்டுக்கொள்கிறேன்.

பயிற்சி இருந்தால் இது நேராது என்று நினைக்க ஆசையாக இருக்கும். 2013இல் வெளியான ஓர் ஆய்வு அந்த ஆசைக்கு இடம் தரவில்லை. நுரையீரல் ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடச் சொல்லி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு படத்தொகுப்பில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் சேர்த்திருந்தார்கள், கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் அதைப் பார்க்கவில்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் கண் கொரில்லா இருந்த இடத்தில் நேராகவே பட்டிருந்தது. அந்த மருத்துவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று நான் படிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு அவர்கள் முழு மனதோடு பதில் தேடிக்கொண்டிருந்தார்கள். கேட்காத ஒன்றுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

இந்தக் கட்டும் வேலையைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அறைக்குள் இருக்கும் வெள்ளைத் தாளையும் வெயிலில் கிடக்கும் கரித்துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். நடுப்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். கரி அதில் நூற்றுக்கு ஐந்தைத் திருப்பி அனுப்பினாலும் ஐயாயிரம். அறைக்குள் 500 லக்ஸ்தான் இருக்கும். தாள் நூற்றுக்கு எண்பதைத் திருப்பி அனுப்பினாலும் நானூறு. கண்ணுக்குள் வரும் ஒளியை மட்டும் வைத்தால் கரி தாளைவிடப் பத்து மடங்குக்கு மேல் பளிச்சென்று இருக்க வேண்டும். யாருக்கும் அப்படித் தெரிவதில்லை. வெளிச்சம் எவ்வளவு என்பதை மூளை கழித்துவிட்டு, தாள் வெள்ளை, கரி கருப்பு என்று கொடுக்கிறது.

கட்டக் கற்றுக்கொள்ளாதவர்களுக்கு உலகம் எப்படி இருக்கும் என்பதையும் ஓரளவு அறிய முடிந்திருக்கிறது. பிறவியிலேயே புரை விழுந்து, வருடக்கணக்கில் சிகிச்சை கிடைக்காமல் இருந்த குழந்தைகளுக்கு இந்தியாவில் அறுவை சிகிச்சை செய்யவைத்து, அவர்கள் பார்க்கக் கற்பதை ஆராய்ந்த ‘பிரகாஷ்’ திட்டத்தைப் பவன் சின்ஹா என்ற நரம்பியல் ஆய்வாளர் தொடங்கினார். கட்டு அவிழ்த்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு ஒளியும் நிறமும் வந்துவிடுகின்றன, பொருள்கள் வருவதில்லை. ஒன்றன் மேல் ஒன்று விழுந்த இரண்டு சதுரங்களைக் காட்டினால், கோடுகள் வெட்டும் இடமெல்லாம் தனித்தனித் துண்டாக எண்ணுகிறார்கள். நிழலும் ஒரு பொருள், பந்தின் மேல் விழுந்த வெளிச்சமும் ஒரு பொருள். ஆனால் ஒன்று அசையத் தொடங்கினால் சேர்ந்து அசைவதெல்லாம் ஒரே பொருளாகக் கூடிவிடுகிறது. இதைப் படித்த அன்று மாலை நிறுத்தத்தைப் பார்த்தபோது, அது இப்படி முழுசாக, பெயர் பெயராகத் தெரிவதற்கு எத்தனை வருட உழைப்பு என் பின்னால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கைக்குழந்தையின் உழைப்பு.

போன வருடம் பெரியம்மா சில நாள் சரியாகப் பேசவில்லை. சாயங்காலம் பால்கனிக்கு வந்தாலும் கேள்வி கேட்கவில்லை. மூன்றாவது நாள் நானே கேட்டேன். வெகுநேரம் தயங்கிவிட்டு, “எனக்குப் புத்தி பேதலிக்குதோன்னு பயமா இருக்குடா,” என்றார். சுவரில் வலைப்பின்னல் மாதிரி ஒன்று வருகிறதாம். அறை மூலையில் ஒரு சின்னப் பையன், தொப்பி போட்டவன், வந்து நிற்கிறானாம். பேச மாட்டானாம், இவரைப் பார்க்கவும் மாட்டானாம். “அவன் இல்லேன்னு எனக்குத் தெரியும். ஆனா தெரியுறான்.”

அந்த வாக்கியத்தில் இரண்டு ‘தெரி’யும் வந்து நின்றதை நான் பிறகுதான் கவனித்தேன். அப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். மறுநாள் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கேட்ட உடனே அவர் சிரித்த முகத்தோடு, இது மனநோய் இல்லை, பார்வை குறைந்தவர்களுக்கு வரக்கூடியது, பெயர் சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்றார். போனே 1760இல் தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை எழுதி வைத்தவர். அந்தத் தாத்தாவுக்கு வயது 89, கண்ணில் புரை, ஆனால் அறிவு தெளிவு. மனிதர்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் அவர் முன்னால் வந்து வந்து போயின. கண்ணிலிருந்து செய்தி வருவது குறைந்துபோனால் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானாகவே உருவங்களைக் கிளப்பிவிடுகிறது. ஒட்டுப் போடும் ஆள்தான், துணியே இல்லாத இடத்திலும் தைத்துக்கொண்டிருக்கிறான்.

திரும்பி வரும் வழியெல்லாம் பெரியம்மா பேசிக்கொண்டே வந்தார். அந்தப் பயத்தோடு அவர் எத்தனை வாரம் தனியாக இருந்தார் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. உங்கள் வீட்டில் பார்வை மங்கிய பெரியவர் இருந்தால், இல்லாதது ஏதாவது கண்ணில் படுகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பையன் இப்போது வருவது குறைந்துவிட்டது. வந்தால், “தொப்பிக்காரன் வந்திருக்கான்,” என்று சொல்வார், பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்வது போல.

அவருக்கு மிஞ்சிய ஓரப்பார்வை சும்மா கிடக்கவில்லை. பேசும்போது பெரியம்மா என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்ப்பார். புதிதாக வருபவர்கள், தங்களைக் கவனிக்காமல் எங்கேயோ பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அப்போதுதான் அவர் நம்மைப் பார்க்கிறார். அந்தச் சாம்பல் திட்டைக் காதின் மேல் தள்ளிவிட்டால் முகம் கொஞ்சம் ஓரத்தில் கிடைக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவரே பிடித்துக்கொண்ட வித்தை இது. அசைவு என்றால் இன்னும் நன்றாகப் பிடிபடும். தெருமுனையில் நான் வருவதை மேலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். “நீ வலது காலை வீசி வைப்ப,” என்பார். எனக்கு அது தெரியாது. ஸ்வீடனில் குன்னார் யோஹான்சன் 1973இல், இருட்டில் ஒருவரின் மூட்டுகளில் மட்டும் பத்துப் பன்னிரண்டு விளக்குகளைப் பொருத்திப் படம் எடுத்துக் காட்டினார். நின்றால் சிதறிய புள்ளிகள். ஓரடி எடுத்து வைத்தால் போதும், மனிதன். தெரிந்தவர்களாக இருந்தால் அந்தப் புள்ளிகளை வைத்தே ஓரளவு ஆளையும் சொல்லிவிட முடிகிறது.

முகத்தை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம் என்று எனக்கு ஒரு எண்ணம். 2011இல் பிரிட்டனில் 40 புகைப்படங்களைக் கொடுத்து, ஆள் வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். இரண்டே பெண்களின் படங்கள், ஆளுக்கு 20. அவர்களை முன்பின் அறியாதவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பதாகப் பிரித்தார்கள். அவர்கள் நெதர்லாந்தில் பிரபலமானவர்கள். அந்த நாட்டுக்காரர்களிடம் கொடுத்தபோது ஏறக்குறைய எல்லோரும் இரண்டு என்றே பிரித்தார்கள். அதே படங்கள்தான். தெரிந்தவருக்குத் தெரிந்தது.

சென்ற மாதம் பழைய ஆல்பம் ஒன்று கிடைத்தது. கருப்பு வெள்ளை. அதில் ஒரு படத்தைப் பற்றிக் கேட்டார். ஏழு பேர் நிற்கிறார்கள், நடுவில் பெரியம்மா, பதினெட்டு வயது இருக்கும். பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தேன். “இடது ஓரத்துல?” என்றார். “யாரும் இல்லை. யாரோ ஒருத்தர் கை மட்டும் விழுந்திருக்கு, சட்டத்துல ஆள் வரலை,” என்றேன். பெரியம்மா விடவில்லை. “யாரோன்னு சொல்லாதே. கை எப்படி இருக்கு, அதைச் சொல்லு.”

பார்த்துப் பார்த்துச் சொன்னேன். முழங்கை மடங்கியிருக்கிறது. கை முதுகுப் பக்கம் போகிறது. உள்ளங்கை வெளியே திரும்பியிருக்கிறது. நான்கு விரலும் சேர்ந்திருக்கின்றன, சுண்டுவிரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

“உங்க அம்மாடா,” என்றார். “ஃபோட்டோ எடுக்கிறேன்னு சொன்னாலே ஓடிப் போயிடுவா. நின்னா கையைப் பின்னால அப்படித்தான் கட்டுவா, சுண்டுவிரலை நீட்டிக்கிட்டு.”

அம்மாவின் சின்ன வயதுப் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. நான் அந்தக் கையைத் திரும்பப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு முன்னால் சட்டத்தில் தவறி விழுந்த கை அது. இப்போது எவ்வளவு முயன்றும் அதை யாரோ ஒருவரின் கையாக என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மாவுக்கு இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. படத்தை ஃபோனில் எடுத்துப் பெரிதாக்கினேன். அந்த இடத்தில் கடுகளவு ஒரு கருப்பு இருந்தது. தழும்பாக இருக்கலாம், அறுபது வருடப் பழைய காகிதத்தின் கறையாகவும் இருக்கலாம்.

“முழங்கைக்குக் கீழ ஒரு புள்ளி தெரியுது பெரியம்மா,” என்று மட்டும் சொன்னேன்.